காவிரி வளைத்த ஊரில் ஒரு நாள்

மைசூருக்குச் சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம்தான். அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை எல்லாம் பார்த்து முடித்து, பொழுது சாய பிருந்தாவன் தோட்டத்துக்குப் போகிற வழியில் வேன் அங்கே நிற்கும். ரங்கநாதரை அவசரமாகச் சேவித்துவிட்டு, திப்புவின் சமாதி முன்னால் ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்க, லைட் ஷோ ஆரம்பிச்சிடும்" என்ற குரலுக்கு ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். ஊர் பார்த்த கணக்கு முடிந்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். மைசூருக்கு ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு முழு நாளைக் கொடுத்தால் நஷ்டமில்லை. பாட்டிக்குக் கோயில், பேரனுக்குப் பீரங்கி, அப்பாவுக்கு வரலாறு, எல்லோருக்கும் பரிசல் என்று வயதுக்கு ஒன்றாக வைத்திருக்கும் ஊர் அது. எல்லாமே ஐந்து கிலோமீட்டருக்குள்.

ஐந்து கிலோமீட்டர் என்பது ஊரின் நீளம் மட்டுமல்ல, ஒரு தீவின் நீளம். மைசூருக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் காவிரி இரண்டாகப் பிரிந்து, கிழக்கு மேற்காக நீண்ட ஒரு நிலத்துண்டைச் சுற்றி வளைத்துக்கொண்டு, மறுபுறம் மீண்டும் ஒன்று சேர்கிறது. நடுவில் உள்ள மேடுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்கள் ஊரிலும் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து உண்டாக்கிய தீவில்தான் ஸ்ரீரங்கம் இருக்கிறது. காவிரி உண்டாக்கிய மூன்று தீவுகளில் மூன்று ரங்கநாதர்கள் பள்ளிகொண்டிருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கன், சிவசமுத்திரத்தில் மத்தியரங்கன், ஸ்ரீரங்கத்தில் அந்தியரங்கன். ஆற்றின் வரிசையில்தான் இந்தப் பெயர் வரிசை. யார் பெரியவர் என்ற பேச்சு இதில் இல்லை. இருந்தாலும் அந்தியரங்கன் ஊர்க்காரர்கள் அதை அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நாளைத் தொடங்க நல்ல இடம் ஊருக்குள் இல்லை. தீவுக்குச் சற்றுத் தென்மேற்கில், ஆற்றுக்குள் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் திட்டுகளில் இருக்கிறது ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம். 1640-களில் மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் பாசனத்துக்காகக் காவிரியின் குறுக்கே ஓர் அணை கட்டினார். நீர் தேங்கியதில் இந்தத் திட்டுகள் உருவாயின, மரங்கள் வளர்ந்தன, பறவைகள் குடியேறின. பறவையியல் அறிஞர் சாலிம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில் 1940-இல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது.

வேடந்தாங்கலில் கரைமேல் நின்று தொலைநோக்கியில் பார்ப்பதை இங்கே படகில் போய்ப் பக்கத்தில் பார்க்கலாம். மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும் குச்சியைக் கவ்விக்கொண்டு தலைக்கு மேலே பறக்கும். கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் ஒரே மரத்தில் கிளை பிரித்துக்கொண்டு வசிக்கும். பாறைத் திட்டில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைச் சிமென்ட் பொம்மை என்று குழந்தைகள் நினைப்பதுண்டு. அது தண்ணீருக்குள் வழுக்கி இறங்கும்போது படகில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே போகலாம். கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து வெள்ளம் திறந்துவிட்டிருக்கும் மழைக்கால நாட்களில் படகு ஓடாது; விசாரித்துவிட்டுப் போவது நல்லது. குளிர்காலத் தொடக்கத்திலிருந்து கோடை வரை பறவைகளுக்கு உகந்த பருவம்.

அங்கிருந்து கோட்டைக்குள் நுழைந்தால் முதல் வேலை கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பாட்டிகள் சொல்வதைக் கேட்டு நடப்பதே புத்திசாலித்தனம். ரங்கநாதசுவாமி கோயிலின் தொடக்கத்தை 894-ஆம் ஆண்டில், கங்க அரசர்களுக்கு அடங்கிய திருமலையா என்ற சிற்றரசரிடம் கொண்டு போய் வைக்கிறது மரபு. பிறகு ஹொய்சளர்கள் கட்டினார்கள், விஜயநகரத்தார் கோபுரம் எழுப்பினார்கள். உள்ளே இரண்டு தூண்களில் விஷ்ணுவின் இருபத்து நான்கு வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வாசலில் நிற்கும் பெரிய மரத்தேர் திப்புவின் தந்தை ஹைதர் அலி கொடுத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். திப்புவும் கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் கொடுத்திருக்கிறார். அவருடைய அரண்மனை கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. இன்று அரண்மனைக்கு அடித்தளம் மட்டும் மிச்சம்; கோயில் அப்படியே நிற்கிறது.

திப்புவைப் பற்றிக் கர்நாடகத்தில் இரண்டு பேச்சு உண்டு. வெள்ளைக்காரனை நடுங்கவைத்த வீரர் என்பார் ஒருவர். குடகிலும் மலபாரிலும் அவர் படை செய்ததை மறக்க முடியாது என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் சான்றுகள் இருக்கின்றன. ஒரு நாள் சுற்றுலாவில் தீர்த்துவைக்கிற வழக்கு அல்ல இது. ஆனால் குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போது இரண்டையுமே சொல்லிவிடலாம். அவர்களால் தாங்க முடியும்.

ஊர் தலைநகரான கதை திப்புவுக்கு வெகுகாலம் முந்தியது. 1610-இல் ராஜ உடையார், விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியிடமிருந்து இந்தத் தீவைக் கைப்பற்றினார். அதே ஆண்டு இங்கே தொடங்கியதுதான் இன்று உலகமே வந்து பார்க்கும் மைசூர் தசரா. உடையார்களிடமிருந்து அதிகாரம் ஹைதருக்குப் போனபோதும் தலைநகர் மாறவில்லை. 1799 வரை, 189 ஆண்டுகள் மைசூர் ராஜ்ஜியம் இந்தத் தீவிலிருந்துதான் ஆளப்பட்டது.

ஏன் தீவு? ஆறே அகழி. ஆண்டில் பாதி நாள் பெருக்கெடுத்து ஓடும் காவிரியை மீறி எந்தப் படையும் எளிதில் உள்ளே வந்துவிட முடியாது. 1791 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் அரகெரே வரை வந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது, தானியம் தீர்ந்தது, இழுத்துச் செல்ல மாடுகள் இல்லை. முற்றுகைக்குக் கொண்டுவந்த பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், தண்ணீர் வற்றிய பருவத்தில் மீண்டும் வந்தார். இம்முறை திப்பு பணிய வேண்டியதாயிற்று. பாதி ராஜ்ஜியம் போனது. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம். அதற்குப் பிணையாக இரண்டு மகன்களைச் சென்னைக்கு அனுப்பினார். நம் திண்டுக்கல்லும் சேலம் வட்டாரத்துப் பாரமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தது அந்த உடன்படிக்கையில்தான்.

கோட்டையின் வடக்குப் பக்கத்தில், மரநிழலில் ஒரு பாதாளச் சிறை இருக்கிறது. படியிறங்கிப் போனால் வளைவு வளைவாகச் சுண்ணாம்புக் கூரை. சுவரில் இரண்டு பக்கமும் துளையிட்ட கற்கள். கைதிகளின் கைகளை அந்தத் துளைகளில் சங்கிலியால் கட்டுவார்களாம். நடுவில் ஒரு பீரங்கி கிடக்கிறது. முற்றுகையின்போது மேலிருந்து கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்ததாம். எடுக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துப் போவது இந்த இடம்தான். கைகளைத் துளைகளில் வைத்துப் போட்டோ எடுக்காமல் எந்தப் பையனும் மேலே ஏறுவதில்லை.

கர்னல் பெய்லி சிறை என்று அதற்குப் பெயர். வில்லியம் பெய்லியின் கதை தொடங்கியது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புள்ளலூரில். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஹைதரும் திப்புவும் சேர்ந்து பெய்லியின் படையை அங்கே வளைத்து நொறுக்கினார்கள். இந்திய மண்ணில் அதுவரை கம்பெனி வாங்கிய அடிகளில் அதுதான் பெரியது. பெய்லி பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டு, 1782-இல் சிறையிலேயே இறந்தார். அவரோடு பிடிபட்டவர்களில் டேவிட் பெயர்ட் என்ற இளம் அதிகாரி ஒருவர். அவர் இந்த ஊரில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து விடுதலையானார். முரட்டு ஆசாமி. கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அவருடைய தாயார், தம் பிள்ளைக்காக வருத்தப்படாமல், அவனோடு கட்டப்பட்டிருக்கும் ஆளை நினைத்துப் பரிதாபப்பட்டதாக ஒரு கதை உண்டு.

அந்தப் பெயர்ட்தான் 1799 மே 4-ஆம் தேதி மதியம் ஒரு மணிக்கு, கையில் வாளோடு கோட்டையை நோக்கிப் படையை நடத்தி வந்தவர். வேலூரிலிருந்து கிளம்பி வந்திருந்த ஜெனரல் ஹாரிஸின் படையிடம் தானியம் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டிருந்தது. தென்மேற்குப் பருவமழை இன்னும் சில வாரங்களில் இறங்கிவிடும்; ஆறு பெருகிவிட்டால் 1791 கதைதான். ஆகவே சித்திரை வெயிலில், காவலில் இருந்தவர்கள் சாப்பாட்டுக்கு ஒதுங்கியிருந்த நேரம் பார்த்து, வடமேற்கு மூலையில் பீரங்கியால் இடித்த உடைப்பு வழியாக ஏறினார்கள். பாறையும் நீரும் கலந்த ஆற்றுப் படுகையைக் கடந்தபோது தண்ணீர் சில இடங்களில் கணுக்கால், சில இடங்களில் இடுப்பு. மாலைக்குள் எல்லாம் முடிந்தது. இருட்டிய பிறகு விளக்கு வைத்துத் தேடியபோது, பிணக்குவியலுக்குள் திப்புவின் உடல் கிடைத்தது. அந்த இடத்தில் இன்று ஒரு கல் நடப்பட்டிருக்கிறது. மந்திரி மீர் சாதிக் காட்டிக்கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. ஆற்றையும் ஒரு காரணமாகச் சொன்னால் தப்பில்லை: ஒன்றரை மாதம் கழித்து வந்திருந்தால் காவிரி விட்டிருக்காது.

திப்புவின் மகன்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். 1806 ஜூலையில் அங்கே நடந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள். வேலூர்க் கோட்டையைப் பார்த்த பிள்ளைகள் இங்கே வந்தால் இந்தக் கதையின் முன்பாதி கிடைக்கும்.

கிழக்கே போகும் வழியில் ஜாமியா மசூதியின் இரட்டை மினார்கள் தெரியும். திப்பு கட்டி 1787-இல் முடித்தது. மினார்கள் முழுக்கப் புறா மாடங்கள். ரயில் நிலையம் பக்கம் போகிறவர்கள் ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கையும் பார்க்கலாம். பெங்களூர் - மைசூர் இருப்புப் பாதையை இரட்டை வழியாக்க அது குறுக்கே நின்றது. இடித்துவிடாமல், 2017-இல் ஆயிரம் டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தார்கள். கட்டடக் கலை படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கோட்டையைவிட இது முக்கியமாகப் படக்கூடும்.

மதிய உணவுக்குப் பிறகு தாரியா தவுலத் தோட்டம். ஊரில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். வெயில் பட்டுவிடாதபடி சுற்றிலும் பச்சைத் தட்டி இறக்கியிருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. 1784-இல் திப்பு கோடை மாளிகையாகக் கட்டியது, பெரும்பாலும் தேக்கு. உள்ளே நுழைந்த கண்ணுக்கு ஓர் அங்குலச் சுவர்கூட வெறுமையாகக் கிடைக்காது. தூண், உத்தரம், கூரை எல்லாம் பூ வேலை.

மேற்குச் சுவரில்தான் புள்ளலூர்ப் போர் சுவர் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் சதுரமாக வளைத்துக்கொண்டு நிற்கும் சிவப்புச் சட்டை கம்பெனிப் படை. அதற்குள் காயம்பட்டுப் பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லி, கவலையில் விரலைக் கடிக்கிறார். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. நான்கு பக்கமும் மைசூர்க் குதிரைகள் பாய்கின்றன. ஹைதரும் திப்புவும் யானைமேல், கையில் ஆளுக்கொரு பூ. ஏதோ தோட்டத்துக்குக் காற்று வாங்கப் போகிற தோரணை. ஒரு மூலையில் உதவிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத் தாமதமாக வந்த ஹைதராபாத் நிஜாமைக் கிண்டல் செய்து, பக்கத்தில் ஒரு பன்றியையும் ஒரு பசுவையும் வரைந்து வைத்திருக்கிறார் ஓவியர். அரசியல் கார்ட்டூன் நமக்குப் புதிதல்ல என்று தெரிகிறது. ஊர் விழுந்த பிறகு இந்த மாளிகையில் குடியிருந்தவர் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு அவரேதான். தம் கம்பெனி தோற்ற காட்சியைத் தினமும் பார்த்தபடி அவர் சாப்பிட்டிருக்கிறார்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தச் சுவருக்கு அரை மணி நேரமாவது கொடுக்க வேண்டும். எத்தனை யானை, எத்தனை தொப்பி, யார் பயந்து ஓடுகிறான் என்று தேடச் சொன்னாலே போதும். இன்னொரு கதையும் சொல்லலாம். மைசூர்ப் படை இரும்புக் குழாயில் மருந்து அடைத்து எறிந்த ராக்கெட்டுகள்தான் பிற்பாடு இங்கிலாந்தில் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுக்கு முன்மாதிரி. 1960-களில் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போன அப்துல் கலாம், அங்கே வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படை ஓவியம் மாட்டியிருப்பதைப் பார்த்து வியந்ததை 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார்.

இன்னும் கிழக்கே, தீவின் முனையை ஒட்டி கும்பஸ். ஹைதர், அவருடைய மனைவி, திப்பு மூவரும் இங்கே அடக்கம். தந்தைக்காகத் திப்பு கட்டிய மண்டபத்தில் அவருக்கே இடம் வேண்டியதாகிவிட்டது. சுற்றிலும் 36 கருங்கல் தூண்கள், முகம் பார்க்கலாம் போல வழவழப்பு. உள்சுவரில் புலி வரிகள். யானைத் தந்தம் பதித்த கருங்காலிக் கதவுகள் பின்னாளில் டல்ஹவுசி பிரபு கொடுத்தவை.

கும்பஸுக்குப் பக்கத்தில் இருந்த லால்பாக் அரண்மனை இப்போது இல்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்குப் போக வேண்டும். பிரித்தெடுத்த உத்தரங்களையும் மரங்களையும் மலையேற்றி, 1831-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். ஊரும் அப்படித்தான் பிரிந்து போனது. 1800-இல் இங்கே வந்த பிரான்சிஸ் புகானன், திப்பு காலத்தில் ஒன்றரை லட்சமாக இருந்த மக்கள்தொகை சுமார் 32 ஆயிரமாகச் சுருங்கியதாகக் கணக்கெழுதினார். தலைநகர் மைசூருக்குப் போயிற்று. காய்ச்சல் தாங்காமல் வெள்ளைக்காரப் பட்டாளமும் 1809-இல் பெங்களூருக்கு மாறியது. மாறுவதற்குள் செத்தவர்கள் பலர். நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் முன்னூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் சில, டச்சுக்காரர்களுக்காக இலங்கையைக் காத்துவிட்டு 1795-இல் பிரிட்டிஷ் பக்கம் மாறிய டி மியூரான் என்ற சுவிஸ் கூலிப்படையினருடையவை.

பாட்டிக்கு இன்னொரு கோயில் பாக்கி இருக்கும்: கஞ்சாம் கரையில் நிமிஷாம்பாள். வேண்டிக்கொண்டால் ஒரு நிமிஷத்தில் பலன் என்ற நம்பிக்கை. வரிசை மட்டும் அரை மணி நேரம் நிற்கும். பிறகு தீவின் கிழக்குக் கோடியில் சங்கமம். பிரிந்த காவிரி ஒன்று சேரும் இடம். மிளகாய் பஜ்ஜி, கரும்புச் சாறு, ஒகேனக்கல்லில் பார்த்த அதே வட்டப் பரிசல். பரிசல்காரர் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றுவார். தலை சுற்றுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். படித்துறையைத் தாண்டிக் குளிக்க இறங்க வேண்டாம். மேலே பாறை தெரிந்தாலும் அடியில் இழுப்பு உண்டு.

கார் வைத்திருப்பவர்கள் திரும்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ஊட்டி வழியாகப் போனால் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும். சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. சாயந்திரம் நாலரைக்குச் சங்கமத்திலிருந்து கிளம்பினால் நிதானமாகக் காட்டைக் கடந்துவிடலாம். பரிசலில் இன்னொரு சுற்றுப் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், மைசூரில் ரூம் போட்டுவிடுவதே மேல்.